மைசூர்ச் சீமையும் இரு உலகப் போர்களும்



பெங்களூர் நமக்குப் பிழைப்புத் தந்த ஊர் என்று நாம் நன்றியுடன் சொல்லுகிறோம். அப்பிழைப்பில் ஒரு பகுதி போர்க்காலத்தில் பிறந்தது என்பதை இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

1914இல் முதற்போர் மூண்டதும், மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் போர்ச் செலவுக்கு 50 லட்சம் ரூபாய் வழங்கினார். மைசூர்க் குதிரைப்படையும் கடல் கடந்து சென்றது. 1918 செப்டம்பர் 23ஆம் நாள் ஹைஃபா நகரைக் கைப்பற்றிய போரில், ஜோத்பூர் வீரர்கள் நகருக்குள் பாய்ந்தனர். மைசூர் வீரர்களில் ஒரு பிரிவினர் கார்மல் மலையின் செங்குத்தான சரிவில் ஏறிப் பீரங்கிகளை மடக்கினர். இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஈட்டியும் வாளும்! தில்லித் தீன் மூர்த்தியில் நிற்கும் மூன்று சிலைகள் ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர்ப் படைகளைக் குறிப்பன. தில்லி சென்று திரும்பிய நம்மவர் பலர், யார் என்று அறியாமலே அவற்றைக் கடந்து வந்திருப்பர்.

அதே போரினால் ஜெர்மனிக்குச் சந்தனக்கட்டை செல்வது தடைப்பட்டது. தேங்கிய கட்டையிலிருந்து 1916இல் இங்கேயே எண்ணெய் வடிக்கத் தொடங்கினர்.

இரண்டாம் போரின் கதை இன்னும் நமக்கு அண்மையானது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் கூட்டோடு ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனியைத் தொடங்கினார். நிலம் தந்தது மைசூர். முதலிலும் பங்கு அதற்கு உண்டு. அமெரிக்கரான பாலி இயந்திரங்களையும் வல்லுநர்களையும் கொண்டு வந்தார். மறு ஆண்டே ஒரு பயிற்சி விமானம் உருவாயிற்று. 1942இல் ஜப்பானியர் நெருங்கவே, இந்திய அரசு வால்சந்தின் பங்குகளை வாங்கிக் கொண்டது. மைசூரோ தன் பங்கை விற்க மறுத்து, நிர்வாகத்தை மட்டும் விட்டுக் கொடுத்தது. அந்த மறுப்பில் ஒரு சுயமரியாதை இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

1943இல் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் வந்தது. விமானம் கட்டப் பிறந்த இடம் பழுது பார்க்கும் பட்டறையாயிற்று. அது பின்னடைவே என்பார் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. போர்முனையிலிருந்து வந்த விமானங்களைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிய கைகள் அங்கே தொழில் கற்றன. அக்கைகளில் தமிழர் கைகளும் இருந்தன. போர் முடிந்தபின், அதே வளாகத்தில் நம் நாட்டாரே வரைந்து கட்டிய எச்.டி.2 பயிற்சி விமானம் 1951இல் வானேறியது. இங்கே அமர்ந்திருப்போருள் சிலரின் தந்தையரோ பாட்டனாரோ அதற்கு ரிவெட் அடித்திருக்கக்கூடும்.