ஆட்டவிளக்கின் ஒளியில் படம் பிடித்தல்



கதகளி அரங்கின் முன்னே நிற்கும் பெரிய பித்தளைக் குத்துவிளக்கை மலையாளத்தில் ஆட்டவிளக்கு என்றும் களிவிளக்கு என்றும் வழங்குவர். தேங்காய் எண்ணெய் வார்த்து, ஆடுவோரை நோக்கித் தடித்த திரியும், அவையோரை நோக்கி மற்றொரு திரியும் ஏற்றுவது வழக்கம். மின்சாரம் வருவதற்கு முன்னர், இரவு முழுவதும் நடைபெறும் ஆட்டத்துக்கு இவ்விளக்கே ஒளி. வேஷத்தின் அமைப்பும் இச்சுடரை மனத்திற் கொண்டே எழுந்தது போலும்! அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துத் தாடையைச் சுற்றி அடுக்கும் வெண்மையான சுட்டி, இருளிலிருந்து முகத்தைப் பிரித்துக் காட்டுகிறது. இப்போது காகிதத்தாலும் சுட்டி அமைக்கிறார்கள். இமைக்குள் சிறியதொரு சுண்டப்பூ விதையை இட்டுக் கண்களைச் சிவக்கச் செய்வதும், அந்த மங்கிய ஒளியில் விழியின் அசைவு தெளிவாகத் தெரிவதற்கு உதவுகிறது.

இத்தகைய அரங்கில் ஒருவர் பிளாஷ் விளக்கைப் பளிச்சிடச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது யாது? சுடர் வெளிறிப் போகும். பின்னே நிற்போர் மீது கிரீடத்தின் கரிய நிழல் விழும். பச்சை வேஷம் விளம்பரத் தாளில் அச்சிட்ட பச்சையாகிவிடும். இது படத்துக்கு நேரும் கேடு. நடிகருக்கு நேரும் கேடு இதனினும் பெரிது. இருளுக்குக் கண் முற்றிலும் பழகுவதற்கு அரைமணி நேரம் வரை ஆகும்; அப்பழக்கத்தை ஒரு மின்வீச்சு நொடியில் கலைத்துவிடும். கண்ணையே கருவியாகக் கொண்டு நவரசம் காட்டும் கலைஞர் முன் இதைச் செய்வது, பாடகரின் காதருகே ஊதுகுழல் ஊதுவதற்கு ஒப்பாகும். அன்றியும், காமிராவின் தலையிலுள்ள சிறு பிளாஷ் சாதாரண நிலையில் 3 அல்லது 4 மீட்டருக்கு அப்பால் பயன்படுவதே இல்லை. நாற்பதடி தொலைவிலிருந்து அதை வீசுவோர் ஒளியூட்டுவது முன்வரிசையாரின் பிடரியைத்தான்.

ஆகவே, உள்ள ஒளியைக் கொண்டே படம் எடுக்க வேண்டும். அந்த ஒளி எவ்வளவு என்பதை முதலில் அறிதல் நன்று. ஒரு சுடரிலிருந்து விலகும் தூரம் இரட்டித்தால், ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். நடிகர் விளக்கிலிருந்து மூன்றடி தொலைவில் நிற்கையில், ஐ.எஸ்.ஓ. எண் 3200, லென்ஸின் திறப்பு எஃப் 2 என்று வைத்தால், ஒரு விநாடியில் 100இல் ஒரு பங்கு நேரம் ஏறத்தாழப் போதும். அவரே ஆறடிக்குப் பின்வாங்கினால் 25இல் ஒரு பங்கு வேண்டும். நடிகர் முன்னும் பின்னும் நடப்பதற்கேற்ப இக்கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். அவர் காலடியை நோக்காமல் காமிராவின் எண்களையே நோக்கிக் கொண்டிருப்பவர் பின்தங்கிப் போவார்.

குறைந்த ஒளியில் பிளாஷ் இன்றிப் படம் எடுப்பது இன்றைய புதுமையன்று. பெர்லின் நகரத்து எரிக் சாலமன் என்பார், எஃப் 2 திறப்புடைய எர்மனாக்ஸ் என்னும் சிறு காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் கொண்டு, 1928ஆம் ஆண்டு முதல் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் படம் எடுத்தார். அக்காலத் தகடுகள் ஒளியை மெல்லவே ஏற்றன. பேசுவோர் அசையாதிருக்கும் கணத்துக்காக அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் 1954இல் கோடக் நிறுவனத்தார் டிரை-எக்ஸ் பிலிமை 35 மில்லிமீட்டர் அளவில் வெளியிட்டனர். பத்திரிகைப் படக்காரரின் பாடு எளிதாயிற்று. இக்காலக் காமிராவோ அதனினும் பன்மடங்கு கூர்மையானது. எனினும் சாலமன் காத்திருந்த அந்த அசைவற்ற கணம் இன்றும் தேவைப்படுகிறது. காமிராவினுள் அமைந்த நடுக்கந்தடுக்கும் பொறி நம் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும். நடிகரின் கை அசைவதை அது தடுப்பதில்லை.

அந்தக் கணம் எப்போது வரும்? இங்கேதான் கலையைப் பற்றிய அறிவு, விலையுயர்ந்த லென்ஸைவிடப் பயன்படுகிறது. கதகளியில் பொன்னானி, சிங்கிடி என இரு பாடகர்கள் நின்று பாடுவர். முதல்வர் பாடிய அடியை மற்றவர் திரும்பப் பாடுவார். ஓரடி பலமுறை வரும். எனவே சொல் எங்கே முடியும், முத்திரை எங்கே நிலைக்கும் என்பதைக் கவனமாகக் கேட்பவர் முன்கூட்டியே உணரலாம். விளம்ப காலத்துப் பதங்களில் முத்திரை விரிந்து முடியும் இடத்தில் கை சற்றே நிற்கும். கண் அதன்மேல் தங்கும். அங்கே 30இல் ஒரு பங்கு விநாடியும் போதுமானது. பதத்தின் ஓரடி முடிந்து கலாசம் என்னும் துரித நடனம் தொடங்கியதும், காமிராவைத் தாழ்த்திவிடுவதே உத்தமம் என்பது என் கருத்து. வேண்டுமானால் 15இல் ஒரு பங்கில் எடுத்து, பாவாடையின் சுழற்சி மங்கலாகப் பதிவதை அனுமதிக்கலாம். பத்தில் ஒன்று நன்றாக அமையும். செண்டையின் ஓசையைக் கேட்டுப் பொத்தானை அழுத்துபவர், கண்ணால் கண்டபின் அழுத்துபவரைவிட எப்போதும் ஒரு கணம் முந்துவார்.

காமிராவின் தானியங்கி அளவீட்டை இங்கே நம்புவதற்கில்லை. சட்டத்தின் பெரும்பகுதி இருளாயிருப்பதால், அப்பொறி இருளையும் வெளிச்சமாக்க முயலும். சுட்டியும் முகமும் வெளுத்துப் போகும். சுட்டியின் வெண்மையை மட்டும் அளந்து, அதன் மடிப்புகள் தெரியும்வரை ஒளியைக் குறைத்துக்கொள்க. சுற்றியுள்ள இருள் இருளாகவே இருக்கட்டும்.

நிறமும் அப்படியே. பகலொளி ஏறத்தாழ 5,500 கெல்வின். எண்ணெய்ச் சுடர் 1,900 அளவினது. காமிராவைப் பகலொளிக்கு வைத்தால் பச்சை முகமும் செம்பொன்னாகிவிடும். முற்றிலும் திருத்திவிட்டாலோ, சுடரே இல்லாதது போன்ற படம் கிடைக்கும். 3,000 அளவில் வைத்தால் பச்சையும் நிற்கும், விளக்கின் சூடும் நிற்கும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இன்று பல மேடைகளில் மின்விளக்குகள் நிறைந்து, ஆட்டவிளக்கு வெறும் அடையாளமாக எரிகிறது. சுடரொளியில் மட்டும் நிகழும் ஆட்டம் அரிதாகி வருகிறது. அந்த ஒளியில் முகம் எப்படி இருந்தது என்பதை நாளைய மாணவர் காணவேண்டுமானால், அவ்வொளியை அழிக்காத படம் ஒன்றே சான்று.

மின்விளக்கு மேடையில் வேறு தொல்லை உண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் நேரத்தை 100இல் ஒரு பங்கு அல்லது 50இல் ஒரு பங்காக வைத்தால் படத்தில் விழும் பட்டைகள் பெரும்பாலும் மறையும். ஓசையற்ற மின்னணு ஷட்டரில் இப்பட்டைகள் மிகுதியாகத் தோன்றுவது உண்டு. ஆயினும் அமைதியான பதத்தின் நடுவே படபடவென ஒலிக்கும் ஷட்டரைவிட அது மேல்.

அமரும் இடம் நேர் எதிரே வேண்டா; விளக்கே மறைக்கும். சற்றுப் பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, 85 மில்லிமீட்டர் லென்ஸை முழங்கால்மேல் ஊன்றிக்கொள்ளலாம். காமிராவின் பின்புறத் திரையையும், குவியம் தேடும் சிறு விளக்கையும் முன்னதாகவே அணைத்துவிடுக. அனுமதியின்றிக் காமிராவை எடுக்கலாகாது என்பது சொல்லாமலே விளங்கும். கோயிற் கூத்தம்பலங்களில் அந்தந்தக் கோயிலின் விதிப்படியே நடத்தல் வேண்டும்.

ஆட்டம் முடிந்தபின் அணியறைக்குச் சென்று, நடிகரின் பெயர், வேஷம், கதை, ஊர், நாள் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுட்டியும் வண்ணமும் அணிந்த முகத்தைப் பார்த்து, பத்தாண்டுகளுக்குப் பின் இவர் யாரென்று சொல்ல அவர் வீட்டாராலும் இயலாது.