ஒரு ஒற்றை கொடுத்து வாசித்த சஞ்சிகை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். சென்ற வருடம் அவள் எங்களை விட்டுப் போய்விட்டாள். பெயரை நான் சொல்லப்போவதில்லை. பரிசளிப்பு விழாவில் தன் பெயரை வாசித்தபோது விறாந்தைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவள் அவள். எங்களோடு படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும்.

தமிழ்த் தினப் போட்டி நாடகத்தில் அவளுக்குக் கிடைத்தது பிணத்தின் வேடம். வசனமே இல்லை, சும்மா கிடந்தால் போதும். இந்த மண்டபத்து நுளம்பு அதற்கு விடவில்லை. பளார் என்று கன்னத்தில் அடித்தாள். சபை முழுவதும் சிரித்தது. உடனே தலையை நிமிர்த்தி, "மன்னிக்கவேணும், உயிர் போக இன்னும் கொஞ்சம் இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் செத்தாள். எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அந்த வருடம் முதற்பரிசு பெற்ற நாடகம் எது என்று இப்போது யாருக்கும் ஞாபகமும் இல்லை.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுப் படித்த காலம். பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. கொப்பி வாங்க முடியாத அந்த நாளில்தான் இவளுக்குச் சஞ்சிகை நடத்தும் ஆசை வந்தது.

கையெழுத்துச் சஞ்சிகை. ஒவ்வொரு இதழும் ஒரே ஒரு பிரதி. எழுதுபவள், படம் கீறுபவள், ஆசிரியர், எல்லாம் அவள்தான். நிறத்துக்கு மஞ்சளும் பீற்றூட் சாறும். ஒட்டுவதற்குச் சோற்றுப் பசை. அட்டை பழைய கலண்டரின் பின்பக்கம். வாசிப்பதற்குக் கட்டணம் ஒரு வெற்று ஒற்றை. அந்த ஒற்றைகளைச் சேர்த்துத்தான் அடுத்த இதழைத் தைப்பாள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்காவிட்டால் வாரத்துக்கு ஒரு ஒற்றை தண்டம். இந்தச் சட்டத்தை யாருக்காகவும் தளர்த்தமாட்டாள், அவளுடைய சொந்தத் தங்கைக்கும் கூட.

சவர்க்காரம் கிடைக்காத நேரத்தில் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்தோம் அல்லவா? வெள்ளைச் சீருடை எப்படியோ வெளுத்துவிடும், வாசம் மட்டும் போகாது. ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது ஒழுங்கையில் நின்ற மாடு ஒன்று என் சட்டைக் கரையைச் சப்பத் தொடங்கிவிட்டது. நான் அழுதேன். அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு நிலத்தில் இருந்து சிரித்தாள். அடுத்த இதழில், அதாவது ஏழாவதில், மாடு அதிபருக்கு எழுதிய கடிதம் வந்தது. "உங்கள் பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் கனிந்த பழத்தில் தோய்த்து அனுப்பவும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சற்றுக் காறல்." அது அன்றைய அதிபரின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் வாசித்துவிட்டு, கட்டணமாக இரண்டு ஒற்றை கொடுத்தனுப்பினார்.

இனி நான் சொல்வது எனக்குச் சொல்லக் கஷ்டமானது.

1993இல் ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஏழாவது இதழ் என் முறைக்கு வந்தது. அடுத்த நாள் இரவு நாங்கள் கிளாலிக் கடலால் போனோம். போகிற விஷயத்தை வெளியில் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அவளிடமும் சொல்லவில்லை. வள்ளத்தில் வெளிச்சம் இல்லாமல் இருந்தபோதுதான் பைக்குள் சஞ்சிகை கையில் தட்டுப்பட்டது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. அவள் அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனாள். ஆறு இதழ்களும் வீட்டு அலுமாரியில். மறு வருடம் திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. ரொறன்ரோவுக்கு எனக்கு எழுதினாள்: "ஆறும் போச்சு. ஏழாவது ஆரிட்டை இருந்தது எண்டு எனக்கு ஞாபகம் இல்லை."

அந்த வரியை வாசித்தவுடன் நான் எழுதியிருக்க வேண்டும், "என்னட்டைத்தான் இருக்குது" என்று. எழுதவில்லை. சொல்லாமல் போன வெட்கம் ஒன்று, களவெடுத்தேன் என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம் இன்னொன்று. பதிலில் சினோவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன்.

பாதை திறந்த பிறகு 2003 நல்லூர்த் திருவிழாவுக்குப் போனேன். அவள் அப்போது ஆரம்பப் பிரிவு ரீச்சர். பிள்ளைகளுக்குப் பனையோலையில் முகமூடி செய்துகொண்டிருந்தாள். சஞ்சிகை என் பைக்குள் இருந்தது. தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: "வாரத்துக்கு ஒண்டு. பத்து வருஷம். ஐந்நூற்றி இருபது ஒற்றை. இப்ப தாறியோ, பிறகு தாறியோ?"

எனக்குக் கை நடுங்கித் தேத்தண்ணி சிந்தியது. "ஞாபகம் இல்லையெண்டு எழுதினாயேயடி" என்றேன்.

"நீயாச் சொல்லுவாய் எண்டு பார்த்தன். சினோ கொட்டுது எண்டு எழுதினாய்."

எடுத்துக் கொடுத்தேன். மாட்டின் கடிதத்தை வாசித்துக் கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு என்னிடமே திருப்பித் தந்தாள். "நீ கொண்டு போனபடியாலைதான் மிஞ்சினது. உன்னட்டையே இருக்கட்டும். இஞ்சை கூரை எப்ப போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?" அன்றிலிருந்து தண்டம் ஏறவில்லை என்றும் சொன்னாள். பழையதைத் தள்ளுபடி செய்யவில்லை.

அதன் பிறகு தொலைபேசியில் எத்தனையோ தரம் பேசினோம். வருத்தம் வந்ததைச் சொன்னபோதும் பகிடியாகத்தான் சொன்னாள். இந்த முறை உயிர் போகக் கொஞ்ச நேரம் தருகிறார்களில்லை, நுளம்பையும் காணவில்லை என்றாள். அன்று நான் சிரிக்கவில்லை என்று என்னோடு கோபித்தாள்.

இப்போது எங்கள் பாடசாலைக்குக் கூரை இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. அவளுடைய தங்கையிடம் அனுமதி கேட்டு, ஏழாவது இதழை இன்று நூலகப் பொறுப்பாசிரியையிடம் கையளிக்கிறேன். கூடவே ஐந்நூறு தாள் கொண்ட கட்டு ஒன்றும், உதிரியாக இருபது தாளும். எண்ணிப் பார்த்து வாங்கவும்.

வாசிக்க விரும்பும் பிள்ளைகள் ஆளுக்கொரு வெற்று ஒற்றை கொண்டு வரவேண்டும். திங்கட்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கவும். மாட்டின் கடிதம் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.