டீ காசு, கூலி, லஞ்சம்: மூணும் ஒண்ணா?

(எருமப்பட்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசம் தணிக்கைக்காக எங்க குழுவோட பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். அதுல ஒரு பதிவு: "மகளின் பிரசவச் செலவுக்காக உறுப்பினர் ஒருவருக்கு ரூ.3,000 உள்கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது." எழுதினது நான்தான். கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.

பிரசவம் நடந்தது அரசு மருத்துவமனையில. அங்கே பிரசவம் இலவசம். அப்புறம் எதுக்குங்க 3,000? இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு விடை தெரியும். தள்ளுவண்டி தள்ளினவருக்கு, துணி மாத்தி விட்டவங்களுக்கு, குழந்தையைத் துடைச்சுக் கொண்டு வந்து காட்டினவங்களுக்குன்னு கேட்கக் கேட்கக் கொடுத்தது. அதுக்குப் பேரு "சந்தோஷக் காசு". ஆம்பளைக் குழந்தைன்னா ஒரு தொகை, பொம்பளைக் குழந்தைன்னா கொஞ்சம் கம்மி. பொறந்து அஞ்சு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள நம்ம பொண்ணுக்கு விலை குறைச்சலாப் போச்சு.

அந்தக் கடனுக்கு நூத்துக்கு 1 ரூபாய் வட்டி போட்டு, பத்து மாசத் தவணையில நாம வசூல் பண்ணிட்டோம். யோசிச்சுப் பாருங்க. லஞ்சம் கொடுக்க நம்ம சேமிப்புல இருந்து கடன் கொடுத்து, அதுல வட்டியும் சம்பாதிச்சிருக்கோம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைங்க. அதனாலதான் இன்னிக்கு இதைப் பத்திப் பேசறேன்னு பேர் கொடுத்தேன்.

நாம மூணு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். செஞ்ச வேலைக்குப் பேசின பணம் கூலி. வேலை முடிஞ்ச பிறகு, யாரும் கேட்காம, நம்ம மனசு நிறைஞ்சு கொடுக்கிறது அன்பளிப்பு. அதைத்தான் டீ காசுன்னும் இனாம்னும் சொல்றோம். கொடுக்கலைன்னா வேலை நடக்காதோன்னு பயந்து கொடுக்கிறதும், அரசு வேலையில இருக்கிறவங்க கேட்டு வாங்குறதும் லஞ்சம். சிரிச்ச முகத்தோட கேட்டாலும் அது லஞ்சம்தான்.

மருத்துவமனை விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். 2011 ஜூன் மாசத்துல இருந்தே மத்திய அரசோட ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில சுகப்பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, போக வர வண்டி எல்லாமே இலவசம். 108 வண்டிக்கும் காசு கிடையாது. யாராவது கேட்டா 104-க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம். இன்னொண்ணும் தெரிஞ்சுக்குங்க. 2018-ல ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினாங்க. இப்ப லஞ்சம் வாங்கினவங்க மட்டுமில்ல, கொடுத்தவங்களும் குற்றவாளிதான். ஆனா வேற வழியில்லாம, கட்டாயத்தால கொடுத்திருந்தா, 7 நாளுக்குள்ள காவல்துறையிலயோ லஞ்ச ஒழிப்புத் துறையிலயோ சொல்லிட்டா கொடுத்தவங்க மேல குற்றம் வராது.

அன்னிக்குக் கேட்டு வாங்கின அந்தம்மா மேல எனக்குக் கோபம் இல்லைங்க. அவங்களும் பக்கத்து ஊர்ல ஒரு குழுவுல சந்தா கட்டுறவங்கதான். ஒப்பந்தத்துல வேலை, பத்தாத சம்பளம். ஆனா அந்தக் குறையை யாரு தீர்க்கணும்? வேலைக்கு வச்சவங்க தீர்க்கணும். வலியில கிடக்கிற பொண்ணோட அம்மா, கடன் வாங்கித் தீர்க்கக் கூடாது.

அடுத்தது கேஸ் சிலிண்டர். தென் மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர் சங்கமே நம்ம நாமக்கல்லதான் இருக்கு. கேஸைக் கொண்டு போறது நம்ம ஊரு வண்டி, ஓட்டுறது நம்ம அண்ணன் தம்பிங்க. ஆனா அந்தக் கேஸ் சிலிண்டர்ல அடைச்சு வாசலுக்கு வரும்போது, பில்லுக்கு மேல எவ்வளவு கொடுக்கிறதுன்னு நமக்கே தெரியறதில்லை. பில் தொகையிலேயே வீடு வரைக்கும் கொண்டு வந்து கொடுக்கிற கூலி சேர்ந்திருக்கு. நாமளே குடோனுக்குப் போய் எடுத்தா அந்தத் தொகையைக் கழிச்சுக்கணும். அதனால பில்லைக் கேட்டு வாங்குங்க, அதுல உள்ளதைக் கொடுங்க. சந்தேகம்னா எடை போட்டுக் காட்டச் சொல்லுங்க, கேஸ் மட்டும் 14.2 கிலோ இருக்கணும். கட்டாயப்படுத்திக் கூடக் கேட்டா 1800 2333 555-ல புகார் சொல்லலாம்.

அதுக்காக மனசைப் பூட்டி வைக்கச் சொல்லலைங்க. மாடி வீட்டுக்குத் தூக்கிட்டு ஏறினாரா, வயசான அம்மாயி தனியா இருக்கிற வீட்டுல அடுப்போட மாட்டிக் கொடுத்துட்டுப் போனாரா, நீங்களா விருப்பப்பட்டு 10, 20 கொடுங்க. இல்லைன்னா வெயில்ல வந்தவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுங்க. அதுவும் அன்பளிப்புதான்.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. அந்தக் காலத்துல களத்துமேட்டுல கடைசியாத் துணி வெளுக்கிறவங்களுக்கும் முடி வெட்டுறவங்களுக்கும் தானியம் அளந்து போடுவாங்க. வருஷம் பூரா செஞ்ச வேலைக்கான கூலி அது. ஆனா போடறவங்க தர்மம் பண்ற மாதிரி போட்டாங்க, வாங்குறவங்க கும்பிட்டு வாங்கினாங்க. கூலியை இனாமுன்னு பேர் மாத்தினா, கேட்கிற உரிமை போயிடும்.

இது நம்ம ஊர் கதை மட்டுமில்லை. அமெரிக்காவுல ஓட்டல்ல பரிமாறுறவங்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைஞ்சபட்சக் கூலி, அந்த நாட்டு மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991-ல இருந்து அது ஏறவே இல்லை. மீதியை வாடிக்கையாளர் கொடுக்கிற டிப்ஸ்ல பார்த்துக்கோன்னு விட்டுட்டாங்க. அதை விடக் கூடக் கொடுக்கச் சொல்ற மாநிலங்களும் அங்கே உண்டு. ஆனாலும் டிப்ஸ் பெருத்தா கூலி இளைக்கும்னு அதுல இருந்து நாம கத்துக்கலாம். நம்ம நாட்டுலயும் பெரிய ஓட்டல்கள் பில்லுலேயே சேவைக் கட்டணம்னு சேர்த்தாங்க. அப்படித் தானாச் சேர்க்கக் கூடாதுன்னு 2022 ஜூலையில நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லுச்சு. 2025 மார்ச்சுல டெல்லி உயர்நீதிமன்றமும் அதைச் சரின்னு சொல்லியிருக்கு. கொடுக்கிறதும் விடுறதும் நம்ம விருப்பம்.

இப்ப என் கதைக்கு வர்றேன். நான் முகூர்த்த நாள்ல கல்யாண மண்டபத்துக்குப் பந்தி பரிமாறப் போறவ. உங்கள்ல எத்தனையோ பேரும் வர்றீங்க. ஒரு மண்டபத்துல ஒருத்தர் எழுந்து போகும்போது, எச்சில் இலை ஓரத்துல 50 ரூபாயைப் போட்டு, "இந்தா எடுத்துக்க"ன்னு கண்ணைக் காட்டினார். எடுத்தேன், தேவை இருந்துச்சு. ஆனா அன்னிக்குச் சாப்பாடு இறங்கலை. இன்னொரு மண்டபத்துல ஒரு அம்மாயி வெத்தலையில 20 ரூபாயை வச்சு என் கையில கொடுத்து, "நீ சாப்பிட்டியா கண்ணு?"ன்னு கேட்டாங்க. அந்த அம்மாயி முகம் இன்னிக்கும் மறக்கலைங்க.

அதனால கொடுக்கிறவங்களுக்கு நாலு வார்த்தை. கையில கொடுங்க, முகம் பார்த்துக் கொடுங்க. நாலு பேர் பார்க்கணும்னு கொடுக்காதீங்க. உங்க வீட்டு விசேஷத்துல பரிமாறுறவங்களுக்கு, கூலியை முன்னாடியே சமையல் ஒப்பந்தக்காரர்கிட்டப் பேசி முடிங்க. அதுக்கு மேல கொடுக்கிற அன்பளிப்பை அவர்கிட்ட மொத்தமாக் கொடுக்காம, பாத்திரம் கழுவுறவங்க வரைக்கும் தனித்தனியாக் கொடுங்க. பின்கட்டுல இருக்கிறவங்களை யாரும் நினைக்கிறதில்லை.

வாங்குற இடத்துல இருக்கிற நமக்கும் ஒரு வார்த்தை. கூலியை நிமிர்ந்து கேளுங்க. கூலி பாக்கியை வச்சுக்கிட்டு டீ காசு கொடுத்தா, "அதை நீங்களே வச்சுக்குங்க, பாக்கியைக் கொடுங்க"ன்னு சொல்லுங்க. அன்பளிப்பைக் கேட்காதீங்க. கொடுத்தா நன்றி சொல்லி வாங்குங்க. கொடுக்காதவங்களுக்கும் அதே சிரிப்போட பரிமாறுங்க.

கடைசியா ரெண்டு தீர்மானம் முன்வைக்கிறேன். ஒண்ணு, இனிமே நம்ம குழுக்கள்ல பிரசவத்துக்கு உள்கடன் கேட்டா, எது எதுக்குன்னு பிரிச்சு எழுதணும். "சந்தோஷக் காசு"ன்னு ஒரு செலவு வந்தா, கடன் கொடுக்கிறதுக்குப் பதிலா குழுவுல ரெண்டு பேர் அந்தப் பொண்ணுக்குத் துணையா மருத்துவமனைக்குப் போய், பெரிய டாக்டரைப் பார்த்துப் பேசணும். தனியா நிக்கிறவகிட்டத்தான் கேட்பாங்க, நாலு பேர் நின்னா கேட்கத் தயங்குவாங்க. ரெண்டாவது, பொங்கலுக்கு நம்ம தெருவைக் கூட்டுற தூய்மைப் பணியாளர்களுக்குக் குழுவுக்குக் குழு சேர்த்து, அவங்களைக் கூட்டத்துக்கு அழைச்சு, நாற்காலி போட்டு உட்கார வச்சு, அவங்க கையில கொடுக்கணும். அவங்க கேட்கலை. அதனாலதான் கொடுக்கணும்னு சொல்றேன்.

சம்மதம்னா கையைத் தூக்குங்க தோழிகளே. நான் தீர்மானப் புத்தகத்தை எடுத்து வச்சிருக்கேன். இந்தத் தடவை எழுதும்போது எனக்குக் கூச்சமா இருக்காது.