ரிவ்யூல 'வேண்டாம்'னு வந்தா என்ன பண்ணலாம்?

இன்னைக்கு, ஓப்பன் சோர்ஸுக்கு பேட்ச் அனுப்பின பிறகு நடக்கிற கதை.

லினக்ஸ் கெர்னல்ல 'ப்ரீஎம்ட் ஆர்டி'ன்னு ஒரு வேலை. குறிச்ச நேரத்துக்குள்ள பதில் சொல்லியே ஆகவேண்டிய மெஷின்களுக்கானது. 2004 வாக்கில் ஆரம்பிச்சது, முழுசா உள்ளே போனது 2024-ல், 6.12 வெர்ஷனுக்காக. இருபது வருஷம்!

அத்தனை வருஷமும் வெறும் வாக்குவாதம் இல்லை. பெரிய மாற்றத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சாங்க. மியூடெக்ஸ், துல்லியமான டைமர் மாதிரி பல துண்டுகள் மத்தவங்களுக்கும் பயன்பட்டதால, ஒவ்வொண்ணா உள்ளே போயின. கடைசி வரை இழுத்தது 'பிரிண்ட்கே', அதாவது கெர்னல் தன் செய்திகளை எழுதுற பகுதி. அதையும் சரிபண்ண பிறகுதான் கதவு திறந்தது. அதுவரைக்கும் அந்த பேட்ச் வெளியே தனியாவே இருந்தது. தேவைப்பட்டவங்க எடுத்துப் பயன்படுத்தினாங்க.

மெயின்டெய்னர் 'வேண்டாம்'னா, பல நேரம் அவர் கேட்கிறது இதுதான்: "நீங்க போயிட்டா இந்தக் கோடை யார் பார்த்துக்கிறது?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

ஒவ்வொரு கமென்ட்டுக்கும் பதில் எழுதுங்க. சரின்னு பட்டா மாத்துங்க. படலைன்னா, காரணத்தை டெஸ்ட் ரிசல்ட்டோட மரியாதையா சொல்லுங்க. அடுத்த வெர்ஷன்ல என்ன மாறிச்சுன்னு குறிப்பிடுங்க. பதிலே வரலையா? கெர்னல் வழிகாட்டியே குறைஞ்சது ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுது.

அப்பவும் 'வேண்டாம்'தானா? கோடு உங்ககிட்டதான் இருக்கு. தனியா வெச்சுப் பராமரிக்கலாம், சின்னதாக்கித் திரும்ப அனுப்பலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.