உலோகத்துக்குள் ஓடும் கோடு



என் கையில் இருப்பது ஒரு முழம் செம்புக் கம்பி. பழுக்கக் காய்ச்சி, ஆறவைத்துக் கொண்டுவந்தேன். வளைக்கிறேன், வாழைநார்போல இணங்குகிறது. அதே வளைவை நிமிர்த்தப் பார்க்கிறேன், முடியவில்லை. வளைவுக்கு இருபுறமும் கம்பி புதிதாக வளைகிறதே தவிர, முதல் வளைவு அப்படியே நிற்கிறது. திரும்பவும் நெருப்பில் காட்டினால் பழையபடி இளகிவிடும். பாத்திரம் அடிக்கும் கன்னாரும் நகை செய்யும் பத்தரும் தலைமுறை தலைமுறையாக அறிந்த செய்தி இது. அதன் காரணத்துக்கு வழி திறந்தது 1934இல்தான்.

அதற்கு எட்டு ஆண்டு முன்னால், 1926இல், யாகோவ் ஃப்ரெங்கெல் ஒரு கணக்குப் போட்டார். படிகத்தில் ஓர் அணு அடுக்கு அடுத்த அடுக்கின்மேல் மொத்தமாகச் சறுக்க எவ்வளவு விசை வேண்டும்? கிடைத்த விடை, தூய உலோகப் படிகம் உண்மையில் இணங்கும் விசையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். கணக்கில் பிழையில்லை. படிகத்தில்தான் குறை இருந்தது.

அந்தக் குறை எத்தகையது என்று 1934இல் ஜெஃப்ரி டெய்லர், எகான் ஓரோவான், மைக்கேல் போலானி மூவரும் தனித்தனியே சொன்னார்கள். போலானியின் கட்டுரையும் ஓரோவானின் கட்டுரையும் ஒரே ஜெர்மன் இதழில் அடுத்தடுத்து வெளியாயின. அந்தக் குறையைப் புரிந்துகொள்ள, கூடம் நிறைய விரித்த ஜமக்காளத்தை ஓரம் பிடித்து இழுத்துப் பாருங்கள், அசையாது. ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அதைக் காலால் தள்ளிக்கொண்டே மறுமுனைக்குப் போங்கள், ஜமக்காளம் நகர்ந்திருக்கும். படிகத்துக்குள்ளும் ஓர் அணுத்தளம் பாதியில் நின்றுபோகும் இடம் உண்டு. அதன் விளிம்புக் கோடுதான் அந்த மடிப்பு. இடப்பிறழ்வு என்கிறோம். அது ஓடினால் உலோகம் வளையும். வளைக்க வளைக்க இடப்பிறழ்வுகள் பெருகி, ஒன்றின் வழியை ஒன்று அடைத்துக்கொள்ளும், கம்பி விறைக்கும். கடுமையாக அடித்த உலோகத்தில் சுண்டைக்காய் அளவுத் துண்டுக்குள் இந்தக் கோடுகளின் மொத்த நீளம் பத்து லட்சம் கிலோமீட்டரைத் தொடும். காய்ச்சும்போது பெரும்பாலானவை அழிந்துபோகின்றன.

ஆனால் இருபது ஆண்டுக்கும் மேலாக ஒரு கோடு நகர்வதை எவரும் கண்ணால் காணவில்லை. ஐயப்பட்டவர்கள் இருந்தார்கள், ஐயப்பட்டது நியாயமும்கூட. 1956இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பீட்டர் ஹிர்ஷ், ராபர்ட் ஹார்ன், மைக்கேல் வீலன் ஆகியோர் அலுமினியத் தகட்டை அடித்து மெலிதாக்கி, அமிலத்தில் அரித்து, எலக்ட்ரான் ஊடுருவும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் கருங்கோடுகள் தெரிந்தன. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவை நகர்ந்தன. ஐம்பது ஆண்டு இத்துறையில் இருந்துவிட்டேன். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அதன்பின் உலோகம் வடிப்பவரின் வேலை, இந்தக் கோட்டை எங்கே ஓடவிடுவது, எங்கே மறிப்பது என்பதாயிற்று. உலோகத் துண்டு பெரும்பாலும் ஒரே படிகமல்ல; சிறுசிறு பரல்களின் தொகுதி. பரல் எல்லையில் கோடு தடைப்படும். பரல் சிறுத்தால் வலிமை கூடும் என்பதை 1950களின் தொடக்கத்திலேயே ஹாலும் பெட்சும் அளந்து காட்டினார்கள். ஜெட் எஞ்சினின் வெப்பத்தில் கதை தலைகீழ். அங்கே பரல் எல்லைகளே பலவீனம். சுழலித் தகடு அவற்றின் வழியே மெல்ல நீண்டு, விரிசல் கண்டு உடையும். ஆகவே எல்லையே இல்லாமல் முழுத் தகட்டையும் ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள். அதற்குள் மைக்ரானில் பாதியளவுள்ள நிக்கல் அலுமினியச் சேர்மக் கனசதுரங்கள் செங்கல் அடுக்கியதுபோல் நெருங்கி நின்று கோடுகளை மறிக்கின்றன. ஒவ்வொரு முறை விமானம் ஏறும்போதும் நாம் நம்பியிருப்பது இந்த அடுக்கைத்தான்.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இழுவிசைச் சோதனையின் வரைகோட்டோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். மாணவர் ஒவ்வொருவரும் ஓர் உலோகத் துண்டைத் தம் கையாலேயே உப்புத்தாளில் தேய்த்து, மெருகேற்றி, அமிலத்தில் அரித்து, நுண்ணோக்கியில் அதன் பரல்களைப் பார்க்கட்டும். ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகலை அவர்களுக்குக் கொடுங்கள்.