இந்தச் சாப்பாட்டுக்கடைச் செயலி ஆருக்கு?

(விம்பிள்டனில் நடந்த சங்க இளைஞர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கட பிள்ளைகள் சிலர் சேர்ந்து கைத்தொலைபேசிக்கு ஒரு செயலி செய்யப் போகினம். விம்பிள்டன், ரூற்றிங் பக்கம் உள்ள தமிழ்ச் சாப்பாட்டுக்கடைகளைத் தேடிப் பார்க்கலாம்; சாப்பிட்டவர்கள் தங்கள் அபிப்பிராயத்தையும் எழுதலாம். நல்ல முயற்சி. "இது ஆருக்கு?" என்று கேட்டேன். "எல்லாருக்கும்" என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன். எல்லாருக்கும் என்று வைத்த கறி ஒருவருக்கும் உறைக்காது.

முன்னம் இப்படிச் செய்தவர்கள் எப்படித் தொடங்கினார்கள் என்று பாருங்கள். 1900இல் பிரான்சில் ரயர் செய்த மிஷலின் சகோதரர்கள் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். அது கார் வைத்திருந்த சிலருக்கு மட்டும். அவர்கள் தூர ஓடினால்தானே ரயர் தேயும்! நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது 1926இல்தான். இந்த நாட்டில் 1951இல், பங்கீட்டு முறை இன்னும் முடியாத காலத்தில், றேமண்ட் போஸ்ற்கேற் நல்ல உணவு வழிகாட்டியை வெளியிட்டார். காசு கொடுத்துச் சாப்பிட்ட சாதாரண ஆட்கள் எழுதி அனுப்பியதே அதற்கு மூலதனம். 1979இல் நியூயோர்க்கில் சகாற் தம்பதியர் தங்கள் நண்பர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டார்கள். 2008இல் டில்லியில் தீபிந்தர் கோயல், பங்கஜ் சத்தா என்ற இருவர், அலுவலகத்தில் சாப்பாட்டு விலைப்பட்டியலைப் பார்க்கச் சக ஊழியர்கள் காத்து நிற்பதைக் கண்டு, அதைப் பிரதி எடுத்துக் கணினியில் போட்டார்கள். அதுதான் பிறகு சொமாற்றோ ஆனது. நாலு பேரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு கூட்டத்தின் ஒரு தேவையோடுதான் தொடங்கினார்கள். பெரிதானது பிறகு.

அப்ப எங்கட கூட்டம் எது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரெனிஸ் பார்க்க வருகிற கூட்டம் பெரிது. ஆனால் அது கோடையில் இரண்டு கிழமை. வந்தவர் ஒருக்கால் சாப்பிட்டுப் போவார். அவரை நம்பி ஒரு வருடத்தை ஓட்ட முடியாது. அவருக்கு வேறு செயலிகளும் இருக்கின்றன.

புதிதாக வந்து தஞ்சம் கோரியிருக்கிற எங்கட பொடியன் இருக்கிறான். 2024இல் தானே சமைத்துச் சாப்பிடுகிற ஒருவருக்குக் கிடைத்த அரச உதவி கிழமைக்கு 49 பவுண் 18 பென்ஸ். அதில் கடைச் சாப்பாடு எங்கே? அவனை வாடிக்கையாளர் என்று கணக்கில் காட்டாதீர்கள். ஆனால் எந்தக் கோயிலில் எந்த நாள் அன்னதானம் என்று ஒரு வரி போட்டால் அவனுக்கு அது உதவும்.

மிச்சம் இருப்பது எங்கட குடும்பங்கள். 1981இல் விம்பிள்டன் கணபதி கோயில் திறந்த காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது பேரப்பிள்ளை காணும் வயதில் நிற்கினம். ஒரே காரில் மூன்று தலைமுறை போகிறது. அம்மம்மா வெள்ளிக்கிழமை சைவம். பேத்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, உறைப்பும் ஆகாது. நடுவில் இருக்கிற மகளோ மருமகனோதான் எந்தக் கடை என்று முடிவெடுக்க வேண்டும். உங்கட முதல் ஆள் அவர்தான்.

ஏன் அவர்? அவருடைய கேள்விக்குப் பொதுவான செயலிகளில் பதில் கிடைப்பது அருமை. ஆங்கிலத்தில் வெஜிற்றேரியன் என்றால் முட்டை சேரலாம். எங்கட சைவத்தில் சேராது. சம்பலில் மாசிக்கருவாடு போட்டதா? மரக்கறிக் கொத்தும் ஆட்டிறைச்சிக் கொத்தும் ஒரே தட்டிலா கொத்துப்படுகுது? இறைச்சி ஹலாலா? இதைச் சொன்னால் அம்மம்மா நிம்மதியாய்ச் சாப்பிடுவா. நாலரை நட்சத்திரம் என்று போட்டால் அவவுக்கு என்ன விளங்கும்?

ஒவ்வாமையையும் மறக்கக் கூடாது. சாப்பாட்டில் 14 வகைப் பொருட்கள் இருந்தால் கடைக்காரர் சொல்லவேண்டும் என்று 2014 டிசம்பர் தொடக்கம் சட்டம் இருக்கிறது. கடுகும் எள்ளும் அதில் அடக்கம். எங்கட தாளிதத்தில் கடுகு, நல்லெண்ணெயில் எள்ளு. பள்ளிக்கூடத்தில் ஒவ்வாமை உள்ள பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு இது விளையாட்டில்லை. ஆனால் செயலியில் எழுதியதை மட்டும் நம்பவேண்டாம், கடையில் கேளுங்கள் என்றும் போடுங்கள்.

இனி இன்னொன்று. வாசிக்கிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு. எங்கட ஆட்கள் நல்லாயிருந்தால் வாயால் நாலு பேருக்குச் சொல்லுவினம், எழுத மாட்டினம். கோபம் வந்தால் மட்டும் எழுதுவினம். கடை நடத்துகிறவரும் எங்களைப் போல வந்தவர்தான். வீட்டை ஈடு வைத்துக் கடை போட்டவரும் இருப்பார். ஒருநாள் சாம்பார் புளித்ததற்கு அவருடைய பிழைப்பில் மண் போடலாமா? கடைக்காரருக்குப் பதில் எழுத இடம் கொடுங்கள்.

மருமகன் மாமாவின் கடையைப் புகழ்ந்து எழுதுகிற வேலையும் நடக்கும். 2017இல் தென் லண்டன் டலிச்சில் ஊபா பட்லர் என்பவர் தன் வீட்டுக் கொட்டிலை உணவகம் என்று பதிந்து, போலி விமர்சனங்களாலேயே ட்ரிப் அட்வைசரில் லண்டனின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு பிளேற் சாப்பாடும் விற்காத கடை! 2025 ஏப்ரல் தொடக்கம் போலி விமர்சனம் இந்த நாட்டில் சட்டப்படி தடை. அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு வெளியிடுகிறவருக்கும் உண்டு. அதாவது பிள்ளைகளே, உங்களுக்கும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். கொம்பியூட்டரைத் திறக்க முதல் இருபது குடும்பங்களோடு கதையுங்கள். "இப்படி ஒரு செயலி வந்தால் பாவிப்பீங்களோ?" என்று கேட்காதீர்கள். எங்கட சனம் முகத்துக்காக ஓம் என்று சொல்லும். "கடைசியாக வெளியில் சாப்பிட்ட நாள் எந்தக் கடை, ஆர் தெரிந்தது, ஏன் தெரிந்தது, ஆர் சாப்பிடாமல் இருந்தது?" என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதுங்கள். பத்துக் கடைக்காரரிடமும் போங்கள்; ஆனால் பின்னேரக் கூட்ட நேரத்தில் போய் ஏச்சு வாங்காதீர்கள்.

பெரியவர்களே, பிள்ளைகள் உங்களிடம் வந்து கேட்டால் "நல்லாயிருக்கு, செய்யுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். அதுதான் நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கிற கைவிசேஷம்.