பகலிலேயே பொங்கல் விருந்து



பொங்கல் வந்தால் சின்னக்கானலில் வீடு நிறையும். போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் உறவினர்கள் மலையேறி வருவார்கள். இடுக்கி மாவட்டத்தில் அன்று அரசு விடுமுறை.

வீட்டில் அரிசி, வெல்லம், கரும்பு இருக்கும். இவை யானைக்கும் பிடிக்கும். அரிக்கொம்பனை எல்லோருக்கும் தெரியும். 'அரி' என்றால் மலையாளத்தில் அரிசி. அந்த யானை அரிசிக்காகப் பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையைப் பலமுறை உடைத்தது. 2023 ஏப்ரல் 29 அன்று அதைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டு போனார்கள். ஆனால் மற்ற யானைகள் இங்கே நடமாடுகின்றன.

ஆகவே விருந்தைப் பகலிலேயே முடிக்க வேண்டும். முப்பது பேருக்கு ஒருத்தியே சமைத்தால் முடியுமா? பொழுது சாய்ந்துவிடும். ஆண்கள் தண்ணீர் எடுக்கட்டும். தேங்காய் துருவட்டும். வந்தவர்கள் காய் நறுக்கட்டும். பிள்ளைகள் இலை போடட்டும். சமைத்தவளும் பந்தியில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டும்.

அளவாகச் சமையுங்கள். மிச்சச் சோற்றையும் எச்சில் இலையையும் வாசலில் கொட்டாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். இருட்டிய பின் யாரையும் தனியே நடந்து போக விடாதீர்கள். இரவு தங்க வையுங்கள்.

வந்த உறவு நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். அதுதான் நல்ல விருந்து.